லினக்ஸ் நிறுவும்போது டிரைவரை எங்கிருந்து எடுப்பது?

லினக்ஸ் நிறுவுகிற பலருக்கு டிரைவர் என்ற பேச்சே எழாது. யுஎஸ்பியில் இருந்து பூட் ஆகும், திரை சரியான அளவில் வரும், வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரியும், ஒலி கேட்கும். ஆயிரக்கணக்கான சாதனங்களுக்கான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வருவதுதான் காரணம். தொல்லை கொடுப்பவை சிலதான்: என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, பிராட்காம் வைஃபை, ரியல்டெக் யுஎஸ்பி வைஃபை, சந்தைக்கு வந்து சில மாதமே ஆன லேப்டாப். இவற்றில் ஒன்று உங்களிடம் இருந்தால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

விண்டோஸில் பழகியவர்கள் முதலில் தயாரிப்பாளரின் தளத்தைத் திறப்பார்கள். லினக்ஸில் அது கடைசியாகப் போக வேண்டிய இடம். அதற்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: கர்னலோடு வந்த டிரைவரை அப்படியே வைத்துக்கொள்வது, கர்னலையே புதியதாக மாற்றுவது, டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) தன் மென்பொருள் களஞ்சியத்தில் தரும் தனியுரிம (மூலநிரல் மூடிய) டிரைவரைப் போடுவது, கிட்ஹப்பில் யாரோ பராமரிக்கும் டிரைவரை, கர்னல் மாறும்போதெல்லாம் அதை மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் கருவி மூலம் சேர்ப்பது. இந்த நான்கும் கைவிட்ட பிறகுதான் தயாரிப்பாளரின் இன்ஸ்டாலர்.

இந்த வரிசை ஏன் என்று கேட்கலாம். லினக்ஸ் கர்னல் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுப்பதில்லை, வேண்டுமென்றேதான் அப்படி. கர்னலுக்குள் இருக்கும் டிரைவரை, இடைமுகத்தை மாற்றுகிறவர்களே கையோடு திருத்திவிடுவார்கள். வெளியே இருக்கும் டிரைவர் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் புதிதாகக் கட்டப்பட (கம்பைல் செய்யப்பட) வேண்டும். அதனால் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது எது இன்று வேகமாக ஓடுகிறது என்பதைவிட, அடுத்த மாதம் கர்னல் அப்டேட் வரும்போது இதை மறுபடி கட்டப்போவது யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விடை ‘நான்தான்’ என்று வந்தால் அந்த வழியைத் தள்ளிப்போடலாம்.

முதலில் எது குறைகிறது என்று பாருங்கள்

டிரைவர் இல்லை என்று தோன்றும் பல இடங்களில் டிரைவர் இருக்கும், ஃபர்ம்வேர்தான் இருக்காது. வைஃபை சிப், புளூடூத், சில ஒலி சிப்கள், கிராஃபிக்ஸ் எல்லாமே பூட் ஆகும்போது தங்களுக்குள் ஏற்றிக்கொள்ள ஒரு சிறு கோப்பைக் கேட்கும். அது தயாரிப்பாளர் தரும் மூடிய கோப்பு. டெபியன் நீண்ட காலம் கொள்கைக்காக இதைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் வைக்கவில்லை; 2022-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துவிட்டது. அதற்கு முந்தைய காலத்து வழிகாட்டிகளைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

பார்ப்பது எளிது. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்ணும், இப்போது எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். யுஎஸ்பி சாதனங்களுக்கு எல்எஸ்யுஎஸ்பி. டிரைவர் பெயர் காட்டியும் சாதனம் வேலை செய்யவில்லை என்றால் டிமெசேஜ் பதிவில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு எழுதியிருக்கும். அப்போது ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட்டு ரீபூட் செய்தால் போதும். டிரைவர் பெயரே இல்லை என்றால்தான் மேலே சொன்ன வழிகளில் ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். இணையத்தில் தேடும்போது லேப்டாப் மாடலைவிட அந்த அடையாள எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதமான வைஃபை சிப் வருவது சாதாரணம்.

இன்னொன்றும் உண்டு. நிறுவல் திரையில் கணினியின் சேமிப்பு வட்டே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அது டிரைவர் சிக்கல் இல்லை. பயாஸில் சேமிப்பு இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருக்கும். அதை ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் தெரியும். ஆனால் பக்கத்தில் விண்டோஸ் இருந்தால் முன்தயாரிப்பு இல்லாமல் மாற்றாதீர்கள், விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.

கர்னலைப் புதுப்பிப்பது

புது லேப்டாப்புக்கு இதுதான் முதல் மருந்து. பலர் கடைசியாகத்தான் இதை நினைக்கிறார்கள். உபுண்டு 24.04 வெளிவந்தபோது கர்னல் 6.8. அதே பதிப்பின் 24.04.2 வட்டில் 6.11, 24.04.3 வட்டில் 6.14. ஹெச்டபிள்யூஇ என்ற பெயரில் டிஸ்ட்ரோவே இந்தப் புதிய கர்னலைத் தருகிறது. டெபியன் 12-இல் 6.1, டெபியன் 13-இல் 6.12, பழையதில் இருப்பவர்களுக்குப் புதிய கர்னலைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இருக்கிறது. ஃபெடோராவும் ஆர்ச்சும் எப்போதும் புதியதிலேயே இருக்கும். இரண்டு ஆண்டு பழைய வட்டை வைத்துக்கொண்டு நிறுவிவிட்டு டிரைவர் தேடி அலைவதைவிட, அதே டிஸ்ட்ரோவின் புதிய வட்டை யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் லைவ் முறையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. லைவில் வைஃபை வந்தால் கர்னல்தான் விடை என்று தெரிந்துவிடும்.

ஓர் எல்லை உண்டு. டிஸ்ட்ரோ தராத, மெயின்லைன் கர்னலைக் கையால் போட்டால் பாதுகாப்பு அப்டேட் தானாக வராது. கையொப்பம் இல்லாத அந்தக் கர்னலை செக்யூர் பூட் (பூட் ஆகும்போது கையொப்பத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு வசதி) மறுக்கும். என்விடியா தனியுரிம டிரைவர் அந்தக் கர்னலில் கட்டப்படாமலே போகவும் வாய்ப்பு உண்டு. டிஸ்ட்ரோ கொடுக்கும் புதிய கர்னல் வரைதான் என் சிபாரிசு.

கிராஃபிக்ஸ்

ஏஎம்டி கார்டு என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015 முதல் கர்னலில் இருக்கிறது, மேலே மெசா என்ற திறந்த கிராஃபிக்ஸ் நூலகம். ஏஎம்டி தளத்தில் லினக்ஸுக்கு என்று ஒரு டிரைவர் தொகுப்பு இருப்பதைப் பார்த்து சிலர் அதைப் போட்டுத் தொலைக்கிறார்கள். ஆர்ஓசிஎம் போன்ற கணக்கீட்டு வேலை இருந்தால் ஒழிய அது தேவையில்லை. இன்டெலும் அப்படியே: பழையதற்கு ஐ915, புதியதற்கு எக்ஸ்ஈ, இரண்டும் கர்னலில்.

என்விடியாவுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் கார்டின் தலைமுறையைப் பொறுத்து.

நிறுவியதும் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் வருவது நூவோ. வெளியில் இருந்தவர்கள் கார்டின் நடத்தையை ஆராய்ந்து எழுதிய திறந்த டிரைவர். திரை காட்ட, இணையம் பார்க்க, எழுத இது போதும். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டுகளில் மட்டும் நிலைமை மோசம். அந்தத் தலைமுறையில் கடிகார வேகத்தை மாற்ற என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் வேண்டும், அது நூவோவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் கார்டு பூட் ஆன குறைந்த வேகத்திலேயே நிற்கும். ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதல் கதை மாறியது. அவற்றில் கார்டுக்குள்ளேயே ஜிஎஸ்பி என்ற செயலி வேகத்தைக் கவனித்துக்கொள்கிறது, கர்னல் 6.7-இல் நூவோவுக்கு அதோடு பேசும் வசதி வந்தது, மெசாவில் என்விகே என்ற வல்கன் (முப்பரிமாண வரைகலை இடைமுகம்) டிரைவரும் வளர்ந்தது. விளையாட்டுகள் ஓரளவு ஓடும். ஆனால் என்விடியாவின் கணக்கீட்டுத் தளமான குடா கிடையாது. இயந்திரக் கற்றல், பிளெண்டரில் குடா ரெண்டரிங் என்று வேலை இருந்தால் நூவோவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தனியுரிமப் பக்கம் போனால் அங்கும் இப்போது இரண்டு வகை. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் மாட்யூலின் (கர்னலில் ஏற்றப்படும் டிரைவர் பகுதி) மூலநிரலைத் திறந்து வெளியிட்டது. டூரிங் தலைமுறை முதல், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதல், இந்தத் திறந்த மாட்யூல் வேலை செய்யும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு இது மட்டும்தான் வேலை செய்யும். பழைய மூடிய மாட்யூலைப் போட்டால் கார்டே தெரியாது. திறந்த மாட்யூல் என்பதால் மொத்த டிரைவரும் திறந்தது என்று நினைக்க வேண்டாம், மேலே உள்ள ஓபன்ஜிஎல், வல்கன், குடா பகுதிகள் மூடியவையே. பேக்கேஜ் பெயரில் ‘ஓப்பன்’ என்று இருப்பதையும் இல்லாததையும் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு: கார்டு டூரிங் அல்லது அதற்குப் பின் என்றால் ‘ஓப்பன்’ உள்ளதை எடுங்கள், அதற்கு முன் என்றால் இல்லாததை.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு என்விடியா டிரைவரின் 580 வரிசைதான் கடைசி. ஜிடிஎக்ஸ் 970, 1060, 1080 எல்லாம் இதில் வரும். ஆர்ச் போல எப்போதும் புதியதையே தரும் டிஸ்ட்ரோவில் இந்தக் கார்டை வைத்திருந்தால், ஒரு நாள் அப்டேட் செய்து ரீபூட் கொடுத்ததும் கறுப்புத் திரை வர வாய்ப்பு உண்டு. பாஸ்கல் கார்டு வைத்திருப்பவருக்கு உபுண்டு எல்டிஎஸ், மின்ட், டெபியன் ஸ்டேபிள் பொருத்தம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அதற்கும் முந்தைய கெப்ளர் கார்டுகளின் 470 வரிசைக்கு 2024-இல் ஆதரவு நின்றுவிட்டது. அவர்களுக்கு நூவோவே மேல்.

சரி, தனியுரிம டிரைவர் என்று முடிவாகிவிட்டது, எங்கிருந்து? டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் இருந்துதான். உபுண்டுவில் நிறுவும்போதே மூன்றாம் தரப்பு மென்பொருள் என்ற பெட்டியைத் தேர்வு செய்யலாம், பிறகு ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ சாளரத்திலும் செய்யலாம். மின்டில் ‘டிரைவர் மேனேஜர்’. பாப் ஓஎஸ் என்விடியா டிரைவர் உள்ளே வைத்த தனி வட்டையே தருகிறது. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து ஏகேமாட் பேக்கேஜைப் போட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பேக்கேஜ் நிறுவி முடிந்தது என்று காட்டிய பிறகும் பின்னணியில் மாட்யூல் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு உடனே ரீபூட் செய்தால் பாதியில் நிற்கும். சில நிமிடம் பொறுத்து, மோட்இன்ஃபோ கட்டளையில் என்விடியா மாட்யூலின் பதிப்பு எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

என்விடியா தளத்தில் கிடைக்கும் ‘ரன்’ கோப்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அதற்கு கம்பைலர் வேண்டும், கர்னல் ஹெடர்கள் வேண்டும், வரைகலைத் திரையை மூடிவிட்டு டெர்மினலில் உட்கார வேண்டும், நூவோவை முடக்க வேண்டும். இதெல்லாம் செய்து முடித்தாலும் அது போட்ட கோப்புகள் பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது. பிறகு என்றாவது டிஸ்ட்ரோவின் டிரைவர் பேக்கேஜைப் போட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும், அந்த மோதலைப் பிரிப்பது பெரும் பாடு. புதிய பதிப்பு கட்டாயம் வேண்டும் என்றால், உபுண்டு, டெபியன், ஃபெடோராவுக்கு என்று என்விடியா தானே நடத்தும் களஞ்சியம் இருக்கிறது. அதுவும் பேக்கேஜ்தான், அகற்றுவது எளிது.

இன்டெலும் என்விடியாவும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில், பல மாடல்களில் ஹெச்டிஎம்ஐ துளை என்விடியாவோடு இணைந்திருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த என்விடியாவை முழுதாக அணைத்துவிட்டு, வெளித்திரை ஏன் வரவில்லை என்று தேடுவது வழக்கமான காட்சி. தேவைப்படும்போது மட்டும் என்விடியாவை இயக்கும் ‘ஆன் டிமாண்ட்’ முறையில் வைத்துவிடுங்கள்.

நிறுவல் வட்டு பூட் ஆகும்போதே திரை கறுத்துப்போனால் ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ தேர்வு செய்து நிறுவலாம். அது கர்னலுக்கு நோமோட்செட் என்ற சொல்லைக் கொடுக்கிறது. டிரைவர் போட்ட பிறகு அந்தச் சொல் பூட் மெனுவான கிரப்பின் அமைப்பில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும் வரை நல்ல டிரைவரும் ஒழுங்காக ஓடாது.

வைஃபை

வைஃபையில் உள்ள தனித் தலைவலி, டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி யுஎஸ்பி டெதரிங் போட்டால் லினக்ஸ் அதை ஒரு ஈதர்நெட் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். போன் வைஃபையில் இருந்தாலும் அதையே பகிரும். இது தெரியாமல் பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகப் பென் டிரைவில் சுமந்து கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்டெல் வைஃபைக்கு ஃபர்ம்வேர் போதும். மீடியாடெக் சிப்கள் பெரும்பாலும் எம்டி76 டிரைவரில் அடங்கும், அது கர்னலில் இருக்கிறது.

பிராட்காமில் மூன்று டிரைவர்கள் குறுக்கே நிற்கும். பழைய 4311, 4312 சிப்களுக்கு பி43, அதற்கான ஃபர்ம்வேரைத் தனியாக இறக்க வேண்டும். 4313-க்கு கர்னலில் உள்ள பிஆர்சிஎம்எஸ்மேக். 43142, மேக்புக்குகளில் வரும் 4360 ஆகியவற்றுக்கு டபிள்யூஎல் என்ற தனியுரிம டிரைவர் தவிர வழியில்லை. டபிள்யூஎல்லை பிராட்காம் 2015-க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் டிஸ்ட்ரோக்காரர்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். புதிய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 வராது. இந்தச் சிப் உள்ள லேப்டாப்பில் வைஃபை கார்டு கழற்றக்கூடியதாக இருந்தால், டிரைவரோடு மல்லுக்கட்டுவதைவிட கார்டையே மாற்றிவிடுவதுதான் என் தேர்வு. வாங்கும்போது இன்டெல் ஏஎக்ஸ்210 போன்றதை எடுங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை அதற்கு ஏற்ற இன்டெல் சிப்செட் உள்ள போர்டில்தான் ஓடும். சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ், பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. அதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ரியல்டெக் யுஎஸ்பி வைஃபைக்கு இணையம் முழுக்க ஒரே பதில்: கிட்ஹப்பில் இருந்து இறக்கி டிகேஎம்எஸ்ஸில் போடு. டிகேஎம்எஸ் நல்ல கருவிதான். 2003-இல் டெல் நிறுவனத்தில் எழுதப்பட்டது, கர்னல் மாறும்போது மாட்யூலைத் தானாக மறுபடி கட்டும். ஆனால் கட்டத்தான் முடியும். புதிய கர்னலில் ஒரு செயற்கூறின் பெயர் மாறியிருந்தால், களஞ்சியத்தை வைத்திருப்பவர் திருத்தும் வரை கட்டுமானம் தோற்கும், வைஃபை போகும். அவர் ஆர்வம் இழந்துவிட்டால் அதோடு முடிந்தது. பழைய பதில்களில் இருக்கும் பல களஞ்சியங்கள் இப்போது அந்த நிலையில்தான் கிடக்கின்றன.

இதற்கிடையில் கர்னலே பல ரியல்டெக் சிப்களை உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டது. 8821சியு, 8822பியு போன்றவை 6.2 முதல் ஆர்டிடபிள்யூ88 டிரைவரில் ஓடுகின்றன, 8812ஏயு, 8821ஏயு இன்னும் புதிய கர்னல்களில். ஆக நான்கு ஆண்டுக்கு முந்தைய வழிகாட்டி டிகேஎம்எஸ் போடச் சொன்னால், முதலில் உங்கள் கர்னல் பதிப்பைப் பாருங்கள். உள்ளே இருப்பது வேலை செய்தால் வெளியே இருந்து கொண்டுவந்ததை அகற்றிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே சாதனத்துக்குப் போட்டி போட்டால் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

செக்யூர் பூட்

வெளியே கட்டிய எந்த மாட்யூலும் செக்யூர் பூட் இருக்கும் கணினியில் கையொப்பம் இல்லாமல் ஏறாது. நிறுவல் வெற்றி என்று காட்டும், ரீபூட்டுக்குப் பிறகு டிரைவர் இருக்காது. கையால் ஏற்றிப் பார்த்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்று பதில் வரும். மூன்று தீர்வுகள். முதலாவது, டிஸ்ட்ரோவே கையொப்பமிட்டுக் கட்டித் தரும் மாட்யூல்: உபுண்டு என்விடியாவுக்கு இதைத் தருகிறது, இருந்தால் அதையே எடுங்கள். இரண்டாவது, உங்கள் சொந்தச் சாவியைப் பதிவது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த பூட்டில் நீலத் திரை வரும், அதில் ‘என்ரோல்’ தேர்வு செய்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். சில நொடிகளில் எதையும் அழுத்தாவிட்டால் அது தானாகக் கடந்துபோய்விடும். பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். மூன்றாவது, பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது. லினக்ஸ் மட்டும் உள்ள வீட்டுக் கணினிக்கு இதில் பெரிய ஆபத்து இருப்பதாக நான் நினைக்கவில்லை. விண்டோஸும் அதன் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரும் கூட இருந்தால் அணைத்த அடுத்த பூட்டிலேயே மீட்புச் சாவி கேட்கலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பிரிண்டருக்கு இப்போதெல்லாம் பெரும்பாலும் டிரைவர் தேட வேண்டியதில்லை. ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்ற டிரைவர் இல்லா அச்சு முறையை ஆதரிக்கும் மாடல்கள், லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் தானாகத் தெரியும். பழைய ஹெச்பி மாடல்களுக்கு ஹெச்பிலிப் பேக்கேஜ். கைரேகை உணரிக்கு லிப்எஃப்பிரிண்ட் ஆதரவுப் பட்டியலில் உங்கள் யுஎஸ்பி எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், டிரைவர் மாற்றுவதற்கு முன் கிரப் பட்டியலில் குறைந்தது ஒரு பழைய கர்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய கர்னலில் மாட்யூல் கட்டப்படாமல் திரை வராமல் போனால், பூட் ஆகும்போது ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ திறந்து பழையதில் நுழைந்து, டிகேஎம்எஸ் நிலையைப் பார்த்து, தோற்ற மாட்யூலை அகற்றலாம். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய கர்னல்களை எல்லாம் துடைத்துவிட்டவருக்கு லைவ் யுஎஸ்பி ஒன்றுதான் மிஞ்சும்.